வேடியப்பன் கோயிலில் இரண்டு அடுப்புகள்

மாமா அதைத் துணிப்பையிலிருந்து எடுத்தபோது அடுப்பு என்றே நாங்கள் யாரும் நம்பவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எவர்சில்வர் தகடுகள், பள்ளிக்கூட நோட்டின் கனம்தான் இருந்தது. மாமா அவற்றை ஒன்றோடொன்று கொக்கி மாட்டி நிமிர்த்தியதும் நான்கு சுவர்களோடு ஒரு சின்னப் பெட்டி எழுந்து நின்றது. விறகு போட ஒரு பக்கம் மட்டும் வாய்.

“ஆன்லைன்ல வாங்குனது மாப்ள. பைல போட்டுக்கினா எடையே தெரியாது,” என்றார் அப்பாவிடம்.

மாமா என் அம்மாவின் அண்ணன். வேலூரில் செல்போன் கடை வைத்திருந்தார். கோடை விடுமுறைக்கு அத்தையையும் அழைத்துக்கொண்டு ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன்.

அப்பா அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தன்னுடையதை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஏனென்றால் அப்பாவின் அடுப்பு ஒரு பழைய பெயிண்ட் டப்பா.

அப்பாவுக்குச் சாமை விதைக்கக் கொஞ்சம் நிலமும் சில புளியமரங்களும் இருந்தன. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூடாரம் போட வருகிறவர்களுக்கு மூட்டை தூக்குவார், சமைத்துப் போடுவார். அவர்கள் கொண்டுவரும் விதவிதமான அடுப்புகளைப் பார்த்துப் பார்த்து அந்த விஷயத்தில் அவருக்கு உறுதியான அபிப்பிராயங்கள் உண்டாகியிருந்தன. பேட்டரியில் காற்றாடி சுழலும் அடுப்பு நன்றாக எரியும், ஆனால் பேட்டரி தீர்ந்தால் அது வெறும் டப்பா, குங்குமம் போட்டுத்தான் வைக்கலாம். மடக்குத் தகடு தூக்குவதற்குச் சுலபம், காற்றடித்தால் தீ பக்கவாட்டில் ஓடிவிடும். இரட்டைச் சுவர் வைத்த அடுப்புதான் அடுப்பு. அப்படி ஒன்றைப் பார்த்துத்தான் பெயிண்ட் டப்பாவுக்குள் பால்பவுடர் டப்பாவை இறக்கி, ஆணியால் ஓட்டைகள் போட்டு இதைச் செய்திருந்தார். இரண்டு டப்பாவுக்கும் நடுவில் ஏறுகிற காற்று சூடாகி, மேல் ஓட்டை வழியாக வந்து புகையையும் சேர்த்து எரித்துவிடும் என்பது அவருடைய விளக்கம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அதைச் சொல்லுவார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என்னால் ஒப்பித்திருக்க முடியும்.

“நாளைக்கு வேடியப்பன் கோயில்ல பொங்கல் வைக்கத்தான போறோம். அங்கயே பாத்துர்லாம் மச்சான்,” என்றார் அப்பா. மாமா சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

சாப்பிடும்போது மாமா வேறொரு பேச்சை எடுத்தார். “பொண்ண எங்கூட அனுப்புங்க மாப்ள. எங்களுக்கும் புள்ளைங்க இல்ல. நல்ல ஸ்கூல்ல சேத்து படிக்க வைக்கிறேன்.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா களியைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, “அவளையே கேளுங்க. அவ இன்னா சொல்றாளோ அதான்,” என்றார்.

மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். மாமா வீட்டில் தொட்டியில் மீன் இருந்தது, திறந்தால் தண்ணீர் வரும் குழாய் சமையலறைக்குள்ளேயே இருந்தது. ஆனாலும் எனக்கு வேலூர் வேண்டாம். ஆனால் பெரியவர்கள் நான்கு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. அதை உடனே முடித்துவிட மனம் வரவில்லை.

“நாளைக்கு சொல்றேன்,” என்றேன்.

மறுநாள் காலை ஓடையோரமாக நடந்து கோயிலுக்குப் போனோம். கோயில் என்றால் கட்டடம் இல்லை. மரத்தடியில் நட்டுவைத்த கல், அதைச் சுற்றி வேல்கள். முந்தின நாள் சாயங்காலம் பெய்த மழையில் விறகெல்லாம் நனைந்துகிடந்தது. அம்மாவும் அத்தையும் மூன்று கற்களைக் கூட்டிப் பொங்கல் பானையை ஏற்றினார்கள். சற்றுத் தள்ளி அப்பாவும் மாமாவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். ஒரே மாதிரி இரண்டு சொம்புகள், இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். யாருடைய தண்ணீர் முதலில் கொதிக்கிறது என்று பார்க்கவேண்டியது. நடுவர் நான்.

அப்பா சொன்னதுபோலவே மாமாவின் அடுப்பில் காற்று புகுந்து தீயை அலைக்கழித்தது. ஆனால் மாமா தன் பையை ஒரு பக்கம் மறைப்பாக வைத்துவிட்டார். வாய் அகலமாக இருந்ததால் கையில் கிடைத்த குச்சியை அப்படியே செருக முடிந்தது. சீக்கிரம் எரிந்து தீர்ந்தாலும் போடப் போட எரிந்தது. அப்பாவின் அடுப்புக்கு விரல் நீளத்துக்கு ஒடித்த குச்சிகள்தான் ஆகும். எல்லாம் ஈரம். டப்பா முதலில் வெள்ளையாகப் புகைந்தது, பிறகு மஞ்சளாகப் புகைந்தது. புகையையே எரித்துவிடும் அடுப்பு என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய அடுப்பு. அப்பா குனிந்து ஊதினார். கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் வழிந்தது.

“இன்னா மாப்ள, அடுப்பு மூச்சுப் புடிக்குதா?” என்றார் மாமா. அத்தை சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“போய் காஞ்ச குச்சி பொறுக்கிக்கினு வா கண்ணு. பாறைக்கு அடியில பாரு,” என்றார்.

ஓடினேன். பாறை இடுக்கில் நனையாத சுள்ளி நிறையவே இருந்தது. இரண்டு கையும் நிறைய அள்ளிக்கொண்டு குறுக்குவழியாகத் திரும்பி வந்தபோது அப்பாவின் முதுகுப் பக்கமாக வந்துவிட்டேன். மாமா அப்போது இன்னும் குச்சி ஒடிக்க எழுந்து போயிருந்தார். அப்பா பூஜைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். சாமிக்கு வாங்கி வைத்திருந்த சூடம். அதை உள்ளங்கையில் நொறுக்கி அடுப்புக்குள் போட்டார். மிச்சத்தையும் போட்டார். வெறும் தாளைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார்.

என் கையிலிருந்த சுள்ளியை வாங்கிக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. டப்பாவுக்குள் தீ குப்பென்று எழுந்தது.

அப்பாவின் சொம்புதான் முதலில் கொதித்தது. மாமா எழுந்துவந்து அப்பாவின் தோளைத் தட்டினார். “ஒத்துக்கறேன் மாப்ள. டப்பாதான் ஜெயிச்சிச்சி. நடுவர் இன்னா சொல்றாங்க?”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். முந்தின நாள் அவ்வளவு பிடித்திருந்த அந்தப் பார்வைகள் அன்றைக்கு உடம்பெல்லாம் ஊசியாகக் குத்தின. “அப்பாதான்,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அத்தை மூக்கை உறிஞ்சினாள். “இன்னாங்க இது, சூடம் வாசன அடிக்குது?”

“கோயில்ல சூடம் வாசன அடிக்காம வேற இன்னா அடிக்கும்?” என்றார் மாமா. சொல்லும்போது அவர் அத்தையைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. தரையில் பள்ளம் இருந்தால் உள்ளே இறங்கிப் படுத்துக்கொண்டிருப்பேன்.

இவர்கள் இரண்டு சொம்பு தண்ணீர் காய்ச்சிய நேரத்தில் அம்மா மூன்று கற்களில் பொங்கலையே பொங்கி இறக்கியிருந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை. இலை போட்டுப் படைத்து, தேங்காய் உடைத்து, அம்மா பூஜைப் பைக்குள் கையை விட்டாள். துழாவினாள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

“சூடம் எங்க? நானே எடுத்து வெச்சேனே.”

அப்பா கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

“என்னாலதாம்மா,” என்றார் மாமா. “வரும்போது பைய நான்தான தூக்கினு வந்தேன். ஓடைல கால் வழுக்குச்சி, அப்ப வுழுந்திருக்கும். விளக்கு ஏத்திக்கலாம் வுடு.”

பையைத் தூக்கிவந்தது நான். அம்மாவுக்கும் அது தெரியும். அவள் மாமாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு திரியை நிமிண்டி அகல் விளக்கை ஏற்றினாள். கும்பிட்டோம். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சாமி எங்கள் அப்பாவைப் பார்த்திருக்கும் என்பதைவிட, மாமா பார்த்துவிட்டார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா தன் இலையிலிருந்த முந்திரியைப் பொறுக்கி வழக்கம்போல என் இலையில் வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

“அப்புறம் கண்ணு, நாளைக்கு சொல்றேன்னியே,” என்றார் மாமா. “நம்ம வூட்டுக்கு வர்றியா?”

“வர்றேன்,” என்றேன்.

அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். படிப்பில் எவ்வளவு ஆசை பார் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா மட்டும், “சரி,” என்றார். ஓடைக்குப் போய்க் கையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அப்பா தன் டப்பாவை அதன் கம்பிப் பிடியில் தொங்கவிட்டபடி பின்னால் வந்தார். அது அவர் முழங்காலில் இடிக்கும் சத்தம் வழியெல்லாம் கேட்டது. அதன் பிறகு வீட்டுக்கு வந்த யாரிடமும் அவர் காற்று ஏறுகிற விளக்கத்தைச் சொல்லி நான் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் மாமா வந்து என்னை அழைத்துப் போனார். ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் அப்பா என் பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளி வைத்தார். ஜன்னலோரமாக என்னை உட்காரவைத்துவிட்டு இறங்கினார். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. வெளியிலிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் டிரைவருக்கு முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் சூடம் நொறுக்கிய கைதான் ஞாபகம் வரும் என்று இருந்தது.

வண்டி நகர்ந்தபோது அப்பா கூடவே நாலு எட்டு நடந்தார்.

“கண்ணு, நானும் அந்த மாதிரி எவர்சில்வர் அடுப்பு ஒண்ணு வாங்கிடறேன். நீ லீவுக்கு வரும்போது இருக்கும், இன்னா?” என்றார்.

நான் தலையாட்டினேன். ஊரை விட்டுப் போகிற நேரத்தில் இவர் எதற்காக அடுப்பைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.