துறைமுகத்து அடைக்கோழி

யுத்தம் முடிந்து சில வருடங்கள் இருக்கும். அப்போது நாங்கள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. மனைவிக்கு எட்டாம் மாதம். கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து வந்த முதல் பிள்ளை என்பதால், அவள் ஒரு வாளித் தண்ணீர் தூக்கினாலும் வீட்டில் நாலு பேர் ஓடி வருவோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலைப் பூசை முடிந்து எங்கள் வேதக் கோயில் படி இறங்கும்போது அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். எழும்பினதிலிருந்தே தலை இடிக்கிறது, இப்போது கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். வெயில்தான் காரணம் என்று நினைத்து, இளநீர் வாங்கிக் கொடுக்கலாமென்று நான் றோட்டைக் கடக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. மாதாமாதம் வீட்டுக்கு வந்து அவளைப் பார்க்கிற மிட்வைஃப் மிஸ் சொல்லி வைத்திருந்தாராம்: தலையிடியும் கண் மங்கலும் சேர்ந்து வந்தால் வீட்டுக்குக்கூடப் போகாதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ என்று.

"இளநி பிறகு குடிப்பம். இப்ப த்ரீவீல் ஒண்டைப் பிடியுங்கோ" என்றாள்.

அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவளுடைய பிரஷரைப் பார்த்த தாதி, எங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் டொக்டரைக் கூப்பிட ஓடினார். கட்டிலில் ஏற்றியதும் வலிப்பு வந்துவிட்டது. உடனே ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். கோயில் வாசலில் இளநீர் குடித்துக்கொண்டு நின்றிருந்தால் எனக்கு இரண்டு பேருமே இருந்திருக்க மாட்டார்கள்.

பெண் பிள்ளை. மூன்று றாத்தல் பாணின் கனம்தான் இருந்தாள், ஒன்றரைக் கிலோகூட இல்லை. தாயை ஐசியூவில் வைத்திருந்தார்கள். மகள் வேறு மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். நான் இரண்டுக்கும் நடுவில் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு இடத்திலும் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. வாட்டசாட்டமான ஆள், கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப்போலக் கேவலம் வேறில்லை என்று தோன்றியது.

சில நாளில் பிள்ளை தானாக மூச்செடுக்கத் தொடங்கினாள். ஆனால் உடம்பில் சூடு தங்கவில்லை. கால் சில்லிட்டுப் போகும். சூட்டுக்காகவே அவளுடைய சக்தியெல்லாம் செலவாகிறது, அதனால்தான் நிறை கூடவில்லை என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, தாயின் நெஞ்சோடு நெஞ்சாகத் துணியால் கட்டி வைத்தால் நல்ல பலன் கிடைக்கும் என்றார். தாய் கண் திறக்கவே இல்லையே! ஆடாமல் அசையாமல் மணிக்கணக்கில் உட்காரக்கூடியவர்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

மனைவியின் அக்கா எங்களோடுதான் நின்றார். அவருக்கு நாரி வருத்தம், கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே இடுப்பு வலியில் எழும்ப முடியாது. என் தங்கைக்குக் கைக்குழந்தை.

"நான் இருக்கிறன்" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆம்பிளைக்கு இதெல்லாம் தெரியுமா என்று அவர் கேட்காமலே எனக்குக் கேட்டது. ஆனால் என் தொழில் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. கப்பலுக்கு மேலே, ஆகாயத்தில் தொங்குகிற ஒரு சின்னக் கூட்டுக்குள் நான் வேலை செய்கிறேன். காலுக்குக் கீழே கண்ணாடி. முன்னுக்குக் குனிந்து, கண்ணைக் கீழே வைத்து, தொங்குகிற பாரத்தை விட்டுப் பார்வையை எடுக்காமல் இருக்க வேண்டும். அவசரப்பட்டால் பாரம் ஆடும், கீழே நிற்கிறவனின் உயிர் போகும். நினைத்த நேரம் கீழே இறங்க ஏலாது என்பதால் தண்ணீரைக்கூட அளந்துதான் குடிப்போம். ஆடாமல் உட்கார்ந்து குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

குளித்து, நகம் வெட்டி, சென்ட் எதுவும் பூசாமல் வரச் சொன்னார்கள். வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் சிங்களப் பெண்மணி, கண்டிப்பானவர். சட்டையைக் கழற்றினதும் என் நெஞ்சைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குத் தனியாகக் கம்பளி தேவையில்லை என்று சிங்களத்தில் சொன்னார். சுற்றியிருந்த தாய்மார் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு பிள்ளையை எடுத்து என் நெஞ்சில் வைத்தார். அவளுடைய முழு முதுகுக்கும் என் ஒரு உள்ளங்கை போதும். கையை வைத்தால் நசுங்கிவிடுவாளோ என்று நான் தயங்குவதைக் கண்டு, "பய வெண்ட எபா, மல்லி" என்றார். பயப்படாதே தம்பி என்று அவர் சொன்னதும் என் கண் கலங்கிவிட்டது.

ஒரு மூலையில் திரை கட்டி எனக்கு இடம் தந்தார்கள். காலையில் போய் உட்கார்ந்தால் சாயந்திரம்வரை அங்கேதான். துறைமுகத்தில் செய்தி பரவியது. அங்கே ஒரு ரகசியம் நின்றதாகச் சரித்திரமே இல்லை. என் ஷிஃப்டை எல்லாரும் பங்கு போட்டு ஏற்றுக்கொண்டார்கள், அதற்குப் பலனாக எனக்கு அடைக்கோழி என்று பட்டமும் வைத்தார்கள். ஃபோன் எடுத்தாலே, "எப்ப மச்சான் பொரிக்கும்?" என்றுதான் கேட்பார்கள். சிரிப்பு வந்தாலும் சிரிக்க ஏலாது. நெஞ்சு குலுங்கினால் மகள் முழித்துவிடுவாள்.

ஆனாலும் நிறை உடனே கூடவில்லை. ஒருநாள் காலை நிறுத்துப் பார்த்தால், இருந்ததும் கொஞ்சம் குறைந்திருந்தது. அதைக் கேள்விப்பட்ட அக்கா அன்று பகலே ஒரு சின்னப் போத்தலில் கோயில் தீர்த்தத்தோடு வந்து நின்றார். உயிருக்கு ஆபத்தான பிள்ளைக்கு, சுவாமியார் இல்லாவிட்டாலும் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் வழக்கம். பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமல் போய்விடக் கூடாது என்று அவருக்குப் பயம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மகளை வழியனுப்பத் தண்ணீர் கொண்டு வந்த மாதிரி இருந்தது. வெள்ளை உடுப்புப் போட்டுக் கோயிலில்தான் கொடுப்பேன், போத்தலைக் கொண்டு போங்கோ என்று சொல்லிவிட்டேன். அக்கா போகவில்லை. திரைக்கு வெளியே நின்று சத்தமில்லாமல் அழுதார்.

சிஸ்டர்தான் தீர்த்து வைத்தார். ஒரு சொட்டுக்குத் தடையில்லை, ஆனால் குளிர்ந்த தண்ணீர் பிள்ளையின் தலையில் படக் கூடாது என்றார். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்த மனுசி இந்தப் பிள்ளைக்காக முழங்காலில் நின்றே கால் வீங்கிப் போனவர். கையை நீட்டிப் போத்தலை வாங்கி என் அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன். தீர்த்தம் சூடாகும்வரை மூன்று பேரும் காத்திருந்தோம். பிறகு அக்கா விரல் நுனியில் ஒரு சொட்டெடுத்து, என் அம்மாவின் பெயரையே மகளுக்குச் சூட்டி, அவளுடைய நெற்றியில் வைத்தார். மகள் முகத்தைச் சுளித்து ஒரு கொட்டாவி விட்டாள். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கு அடுத்த நாள் முற்பகல். வார்டில் பால் கொடுக்கிற நேரம், தாதிமார் எல்லாரும் மற்றப் பக்கம் மும்முரமாக நின்றார்கள். மகள் என் நெஞ்சில் நித்திரை. திடீரென்று ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. கிரேன் கம்பியின் இழுவையில் சின்ன வித்தியாசம் வந்தாலும் எங்களுக்கு முதலில் உடம்பில்தான் தெரியும், அந்த மாதிரி. குனிந்து பார்த்தேன். அவளுடைய நெஞ்சு என் நெஞ்சில் ஏறி இறங்கவில்லை. உதடு நீலம் பாய்ந்துகொண்டு வந்தது.

குறைமாதப் பிள்ளைகள் சில நேரம் மூச்செடுக்க மறந்துவிடும் என்று சிஸ்டர் முதல் நாளே சொல்லித் தந்திருந்தார். பதறிக் குலுக்கக் கூடாது, காலடியைத் தட்டிக்கொண்டே எங்களைக் கூப்பிடு என்றார். "சிஸ்டர்!" என்று கத்தினேன். கத்தும்போதே என் விரல் அவளுடைய பாதத்தைச் சுண்டியது. அசைவில்லை. முதுகைத் தேய்த்துவிட்டு மறுபடி சுண்டினேன். கடவுளே, இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடாதே மகளே என்று வாய்விட்டுச் சொன்னேன். சிஸ்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்து கை வைப்பதற்கும், அவள் உடம்பை ஒருமுறை உதறி மூச்சை இழுப்பதற்கும் சரியாக இருந்தது. பிறகு அழுதாள் பாருங்கள்! அவ்வளவு சின்ன நெஞ்சுக்குள்ளிருந்து அவ்வளவு பெரிய கோபம்.

டொக்டர் வந்து பரிசோதித்து, மருந்து எழுதி, மறுபடியும் என் நெஞ்சிலேயே வைக்கச் சொன்னார். "நல்லாப் பாத்துக்கொண்டீங்க" என்று என் தோளில் தட்டினார். வேலையில் எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். எதற்கும் எனக்கு அப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை, நிமிர்த்த முடியாமல் மகள் மேலே கிடந்தாள் என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு நல்ல காலம்தான். மனைவி கண் திறந்தாள், பால் சுரந்தது. நாரி வருத்தத்தையும் பொருட்படுத்தாமல் அக்கா ஒரு மாடியிலிருந்து மற்ற மாடிக்குச் சின்னக் கோப்பையில் அந்தப் பாலைச் சுமந்தார். நிறை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. முதலில் என்னைக் கண்டு முந்தானையை இழுத்து மூடிய தாய்மார், இப்போது சாப்பிடப் போகும்போது, "எங்கட பிள்ளையையும் ஒருக்காப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கொம்பனித்தெருவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் தாய் தன் கணவரைக் கூட்டி வந்து, என் முன்னால் நிறுத்திக் காட்டினார். அடுத்த நாள் அவரும் சட்டையைக் கழற்றிக்கொண்டு பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். அடைக்கோழிகள் இரண்டாகிவிட்டன.

ஒருநாள் மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டு வந்தார்கள். மகளை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிள்ளையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். சிஸ்டர் கட்டை அவிழ்த்து மகளை அவளுடைய நெஞ்சில் வைத்தபோது என் நெஞ்சு வெறுமையாகிவிட்டது. சட்டையைப் போடவும் மனம் வராமல் நின்றேன்.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்த பிறகு சொந்தக்காரர் எல்லாம் பார்க்க வந்தார்கள். பாவம், பிள்ளையைப் பத்து மாதமும் முழுக்கச் சுமக்க உனக்குக் கொடுத்து வைக்கவில்லையே என்று ஒருவர் மனைவியிடம் இரக்கப்பட்டார். அவள் பட்டென்று சொன்னாள்: "ஆர் சொன்னது? பத்து மாதமும் முழுக்கத்தான் சுமந்தது. நான் விட்ட இடத்திலயிருந்து அவர் சுமந்தவர்."

மகள் இப்போது எங்கள் இருவருக்கும் வாய் காட்டுகிற வயதுக்கு வந்துவிட்டாள். ஆனாலும் பிள்ளையைப் பெறும் கஷ்டம் ஆம்பிளைகளுக்கு எங்கே தெரியும் என்று யாராவது பேச்செடுத்தால், அந்தப் பெரும் பாரத்தில் ஒரு சின்னப் பங்கு எனக்கும் கிடைத்தது என்ற பெருமையோடு நான் நிமிர்ந்து உட்காருகிறேன்.