வெளாவிய வெந்நீர்

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் பயணம் கிளம்பினால், அவர் பத்திரமாகத் திரும்பி வருவதற்கு நாங்கள் செய்யாத ஏற்பாடே கிடையாது. சகுனம் பார்ப்போம். சூடம் கொளுத்துவோம். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுப்போம். வழியில் என்ன தண்ணீரைக் குடிப்பது என்பதை மட்டும் போகிற இடத்தில் பார்த்துக்கொள்வோம்.

பெரிய மகளுக்கு வரன் தள்ளிக்கொண்டே போன காலத்தில், கல்வராயன் மலையில் இருக்கிற அம்மனிடம் ஒரு வேண்டுதல் வைத்திருந்தேன். கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிவந்து பொங்கல் வைக்கிறேன் தாயே என்று. அவள் தன் பங்கைச் செய்துவிட்டாள். என் பங்குதான் பாக்கி. மாப்பிள்ளை பிறந்து வளர்ந்தது மெட்ராஸ், வேலை மஸ்கட்டில். கல்யாணமான கையோடு போனவர், அடுத்த வருஷம் லீவு கிடைத்துத்தான் வந்தார். அந்த லீவும் முடிகிற வாரம்தான் மணலூர்பேட்டைக்கு எங்கள் வீட்டுக்கு வர முடிந்தது. மலைக்குப் போய்வந்த கையோடு விமானம் ஏற வேண்டும். சொன்ன நாளில் போய் நிற்காவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான் என்று அவர் முதலாளி சொல்லி அனுப்பியிருந்தாராம்.

கிளம்புவதற்கு முன்னால் சம்பந்தியம்மா போன் செய்தார்.

“மலைக்குக் கூட்டிட்டுப் போங்க சம்பந்தி, வேணாங்கல. எம் புள்ளைக்கு வயிறுதான் வீக்கு. தண்ணி மட்டும் பாத்துக்குங்க. அனுப்புனபடியே திருப்பி அனுப்புங்க.”

ஏதோ எவர்சில்வர் பாத்திரத்தை இரவல் கொடுக்கிற மாதிரி சொன்னார். எனக்கு வருத்தமில்லை. பிள்ளையைப் பெற்றவர் அப்படித்தான் சொல்வார். நானும் பெண்ணைக் கொடுத்தவன்.

மாப்பிள்ளையும் சும்மா வரவில்லை. கொசுவுக்குக் களிம்பு, வெயிலுக்குத் தொப்பி, வயிற்றுக்கு மாத்திரை, கையில் தடவிக்கொள்ள ஒரு சாராய வாசனைத் தண்ணீர், எல்லாம் பையில் இருந்தன. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேனை நிறுத்தி, சீல் வைத்த தண்ணீர் பாட்டிலில் ஒரு பெட்டியே வாங்கி ஏற்றினார். எங்கள் அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை.

“இன்னா மாப்ள, சாமி கும்புடப் போறமா, மருந்துக்கடை வெக்கப் போறமா? மலைத்தண்ணி மூலிகைத் தண்ணி. அதைக் குடிச்சி வளந்த ஒடம்புங்க இது, இரும்பு.”

கச்சிராயபாளையம் தாண்டி வேன் மலை ஏற ஆரம்பித்தது. கொண்டை ஊசி வளைவுகளில் முதலில் தலையை வெளியே நீட்டியது அந்த இரும்புதான். காலையில் சாப்பிட்டது, முந்தின நாள் சாப்பிட்டது எல்லாம் ரோட்டோரம் போய்ச் சேர்ந்தது. பிறகு வாய் கொப்பளிக்க ஒரு பாட்டில், முகம் கழுவ ஒரு பாட்டில், சட்டையைத் துடைக்க ஒன்று, வேனின் பக்கவாட்டைக் கழுவ ஒன்று. மிச்சத்தைத் தாகம் தாகம் என்று நாங்களே குடித்தோம். சும்மா கிடக்கிற தண்ணீர்தானே. கோயில் போய்ச் சேர்ந்தபோது பெட்டி இருந்தது. பாட்டில்களும் இருந்தன. மூடிகள்கூடப் பத்திரமாக இருந்தன.

மாப்பிள்ளை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மரியாதையாக மூடிவிட்டார். அப்போதுதான் என் வீட்டுக்காரி பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். பொங்கல் அடுப்புக்குப் பக்கத்திலேயே தனியாக மூன்று கல்லைக் கூட்டி, ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, ஒரு குண்டான் நிறையக் கொதிக்கவைத்தாள். குமிழ் தளதளவென்று வரும்வரை நானே காவல் நின்றேன். அண்ணன் ஓடையில் இறங்கி இரண்டு கையாலும் அள்ளிக் குடித்து, எங்களைப் பார்த்து மீசையைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரி செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாப்பிள்ளை ஒரே மூச்சில் குடித்தார். சுடாமலும் ஆறாமலும் அளவான சூட்டில் இருக்கிறது அத்தை என்று பாராட்டினார். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. வெயிலுக்கு அவர் கேட்கக் கேட்க, செம்பு செம்பாகக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பொங்கல் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இனி ஒரு குறையும் வராது என்று நினைத்தேன்.

அன்றைக்கு மலையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலையில் மாப்பிள்ளை வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வந்தார். உட்காரவில்லை, மறுபடி போனார். பிறகு வாந்தியும் சேர்ந்துகொண்டது. வெயில் ஏறுவதற்குள் கண் உள்ளே போய், உதடு காய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. அண்ணன் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துக்கொண்டே வியாதியைக் கண்டுபிடித்துவிட்டார். கண்ணு பட்டுவிட்டதாம். புது மாப்பிள்ளை, வெளிநாட்டு வேலை, படாமல் என்ன செய்யும்? உப்பும் மிளகாயும் எடுத்துத் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டோம். நன்றாக வெடித்தது. எனக்குத் திருஷ்டியில் நம்பிக்கை உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சமயத்தில் அவர் உடம்புக்கு வேண்டியிருந்த உப்பை அடுப்பு சாப்பிட்டது. அதோடு பிழிந்து கொடுத்திருக்க வேண்டிய எலுமிச்சம்பழங்கள் நான்கும் முந்தின நாளே சக்கரத்துக்கடியில் போய்விட்டிருந்தன.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, நாளான்னிக்கு பிளைட்டுப்பா. இவரு நிக்கவே முடியாம கெடக்குறாருப்பா.”

வேனில் படுக்கவைத்து, மலையிலேயே இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் எனக்கு வேறு மந்திரம் வரவில்லை. தாயே, பொங்கலை வாங்கிக்கொண்டாய், போதும், எங்கள் வீட்டுப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தேன். எட்டாவது படித்தவனுக்கு அவ்வளவுதான் தெரியும். அவளுக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

நர்சம்மா கையில் குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்சம் தெளிந்ததும் உப்புச் சர்க்கரைப் பொடியைக் கரைத்து மடக்கு மடக்காகக் கொடுக்கச் சொன்னார். என்ன தண்ணீர் குடித்தார் என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, கொதிக்கவைத்த தண்ணீர், பக்கத்தில் நின்று பார்த்தேன் என்றேன். அவர் நம்பாத மாதிரி என் வீட்டுக்காரியைப் பார்த்தார். தன் அக்கறையில் யாரும் குறை கண்டுவிடக் கூடாதே என்று அவள் முன்னால் வந்தாள்.

“நல்லா தளதளன்னு கொதிக்க வெச்சேன்மா. மாப்ளைக்கு நாக்கு சுட்டுடக் கூடாதுன்னு, ஓடத்தண்ணி ஊத்தி வெளாவித்தான் குடுத்தேன்.”

எங்கள் வீடுகளில் வெந்நீர் என்றாலே அதுதான். குளிக்கிறதானாலும் குடிக்கிறதானாலும், கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து இதமாக்கினால்தான் மரியாதை. நர்சம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“கிருமிய குண்டான்ல கொன்னுட்டு, செம்புல உசுரோட ஊத்திக் குடுத்திருக்கீங்க” என்றார்.

“கொதிக்கிற தண்ணிய அப்படியே நீட்றதுக்கு நான் இன்னா மாப்ளைக்கு விரோதியா?” என்று வீட்டுக்காரி கேட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அது மட்டும்தான் அன்றைக்கு எதையும் கலக்காத தண்ணீர்.

படுக்கையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாயந்தரம் எழுந்து உட்கார்ந்தார். மறுநாள் மெதுவாக மலையிறங்கினோம். வளைவுகளில் அண்ணன் தன் வழக்கத்தை விடவில்லை. இந்த முறை பாட்டிலில் தண்ணீர் இல்லாததால் துண்டாலேயே துடைத்துக்கொண்டார்.

விமானத்துக்குக் கிளம்புகிற அன்று மாப்பிள்ளை மாத்திரை போடத் தண்ணீர் கேட்டார். வீட்டுக்காரி அடுப்பிலிருந்து இறக்கியதை அப்படியே டம்ளரில் ஊற்றி, முந்தானையால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். ஆவி பறந்தது.

“ஒரு சொட்டு கலக்கல மாப்ள. குடிங்க.”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறட்டும் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. குடித்தார். கண் கலங்கியது. நல்லா இருக்குது அத்தை என்றார்.

போய்ச் சேர்ந்து, சொன்ன நாளில் வேலைக்கும் போய் நின்றுவிட்டார். அம்மனுக்குச் சூடம் ஏற்றிக் கும்பிட்டேன். அடுத்த நாள் சம்பந்தியம்மா போன் செய்து, பையனுக்குப் பேச்சு ஏன் குழறுகிறது, நாக்கு வெந்த மாதிரி இருக்கிறதே என்று கேட்டார். கோயில் பொங்கலைச் சூட்டோடு சாப்பிட்டேன் என்று மாப்பிள்ளையே அவரிடம் சொல்லிவிட்டிருந்தாராம். நானும் ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அனுப்பியபடியே திருப்பி அனுப்பிவிட்டோம். இரவல் வாங்கிய பாத்திரத்தில் ஒரு சின்ன நெளிவு, அவ்வளவுதான்.