நீலத் தாளும் வெள்ளிக்கிழமை எலுமிச்சையும்

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவருக்கு மரியாதை உண்டு, பெட்டி கட்டுகிறவருக்குக் கூலி உண்டு, சரக்கைச் சோதிக்கிறவனுக்கு ஏச்சு மட்டும்தான் உண்டு. சரக்கு நல்லது என்றால் "அப்ப நீ எதுக்கு?" என்பார்கள், கெட்டது என்றால் "நீ யாரு சொல்ல?" என்பார்கள். இப்படிப்பட்ட வேலை பார்த்தவர்கள் கொஞ்சம் என் பக்கமாக வந்து உட்காருங்கள்.

ரெண்டாயிரமாவது வருசத்துக்குப் பிறகு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புளிப்பு, அதாவது அமிலம், ஏறிய கந்தகம் மருந்தோடு சேர்ந்தால் தன்னாலேயே பற்றிக்கொள்ளும். கலக்குகிற மாரியப்பன் அதற்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பார். அதனால் ஒவ்வொரு மூடையிலும் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கலக்கி, லிட்மஸ் என்கிற நீலத் தாளை முக்கிப் பார்ப்பதும் என் வேலை. சிவந்தால் புளிப்பு, மூடை வெளியே.

அடுப்படிப் பாடம்

"மொதல்ல வீட்டுச் சாமான்ல பழகிட்டு வாங்க" என்று போர்மேன் தாளைக் கொடுத்தார். எலுமிச்சம்பழம், புளித்தண்ணீர், மோர் எல்லாம் தாளைச் சிவப்பாக்கின. துணி சோப்பும் வெற்றிலைச் சுண்ணாம்பும் சிவந்த தாளை மறுபடி நீலமாக்கின. நான் தட்டு தட்டாக முக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரி சொன்னாள்: "நாக்குன்னு ஒண்ண ஆண்டவன் சும்மாவா வச்சிருக்கான்? கொழம்பு ஆறுது, சாப்பிடுங்க."

தூக்குவாளிச் சோதனை

விஷயம் பரவி, மத்தியானம் பொம்பளைகள் தூக்குவாளியோடு வரிசைகட்ட ஆரம்பித்தார்கள். வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிற பேச்சியம்மாள் மாமியார் வைத்த ரசத்தை நீட்டினாள். தாள் பளிச்சென்று சிவந்தது. புளி ஊற்றினால் யார் வைத்த ரசமும் இப்படித்தான் என்றேன். அவள் கேட்கவில்லை. "எங்க அத்தைய வெறுந்தண்ணியில வெரல முக்கச் சொல்லுங்க அண்ணாச்சி, அதுவுஞ் செவக்கும்!"

காவலுக்கு வைத்த பழம்

வெள்ளிக்கிழமை தோறும் கம்பெனிக்குக் கண்ணு பட்டுவிடக் கூடாதென்று எலுமிச்சம்பழத்தை அறுத்து, குங்குமம் தடவி வாசலில் வைப்பது வழக்கம். தீபாவளி சீசன் நெருங்கியதும் போர்மேனுக்குப் பக்தி முற்றிவிட்டது. வாய் திறந்திருந்த கந்தக மூடைக்கு மேலேயே பழத்தைப் பிழிந்து சுற்றிப்போட்டார். மறுநாள் அந்த மூடையைச் சோதித்தேன். தாள் ரத்தமாகச் சிவந்தது. வெளியே மாரியப்பன் சரக்குக்குக் காத்து நிற்கிறார். பழத்தால் வந்த வினை என்று சொன்னேன். போர்மேனுக்குக் கோபம் வந்துவிட்டது: "ஆபத்து வரக் கூடாதுன்னு செஞ்ச காரியத்துல ஆபத்து எப்படிங்க வரும்?"

சோப்பு வைத்தியம்

லோடு ஏற்ற லாரி வந்து நின்றது. மூடையை வேண்டாமென்று ஒதுக்கினால் அன்றைய கலவை நிற்கும். போர்மேன் யோசித்தார். கை கழுவும் இடத்திலிருந்து சோப்பை எடுத்து வந்து, சிவந்த தாளில் தேய்த்தார். தாள் நல்ல பிள்ளையாக நீலத்துக்குத் திரும்பியது. "பாத்தீகளா, சரியாப் போச்சு. கலக்குங்க" என்று மாரியப்பனிடம் நீட்டினார். மூடை அதே புளிப்போடு அப்படியேதான் கிடந்தது. குளித்தது தாள் மட்டும்தான். மாரியப்பன் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போர்மேனுக்குக் கும்பிடு போட்டு, கலவை ரூம் பக்கம் கையைக் காட்டினார்: "ரொம்பச் சந்தோசம். நீங்க போயி கலக்குங்க, நான் இங்கன நின்னு பேப்பரப் பாத்துக்கிடுதேன்."

மூடை கேட்டுக்கு வெளியே போனது, மாரியப்பன் சாயங்காலம் முழுசாக வீட்டுக்குப் போனார், தீபாவளி லோடைக் கெடுத்தவன் என்கிற பேர் மட்டும் இன்றுவரை எங்கும் போகாமல் என்னோடேயே இருக்கிறது.