ரப்பர் கயிற்றின் இரண்டு முனைகள்

வெயிலில் காய்ந்த லாரி டியூபுக்கு ஒரு வாசனை உண்டு. மூக்கைச் சுளிக்க வைத்தாலும் மறுபடி முகரச் சொல்லும் வாசனை. திருச்செங்கோட்டில் நைட்டி மூட்டையை மொபெட்டில் வைத்து ஊர் ஊராக விற்றுவந்த எங்கள் அத்தா, பழைய டியூபை நீளமாக வெட்டிய 'ரப்பர் கயிற்றால்'தான் மூட்டையைக் கட்டுவார். அதைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். தொடாமல் இருப்போமா?

ஒரு சனிக்கிழமை, யார் முதலில் விடுகிறார்கள் பார்ப்போம் என்று நானும் தங்கை நஸ்ரினும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். நான் வாசற்படியில் காலை ஊன்றி நிற்க, அவள் இழுத்துக்கொண்டே பின்னால் போய் நின்றாள். இருவருமே விடவில்லை. பஞ்சர் ஒட்டிய இடத்தில் 'பட்'டென்று அறுந்தது.

"நான் சும்மா புடிச்சிட்டுத்தான் இருந்தேன் அத்தா, அவதான் இழுத்தா" என்றேன். அதைப் பொய் என்றே நான் நினைக்கவில்லை. "அவளுக்கு நாளைக்கு ஜேடர்பாளையம் கிடையாது" என்றார் அத்தா. மறுநாள் ஜேடர்பாளையம் அணைக்கட்டில் குளித்துவிட்டு நான் வறுத்த மீன் தின்றபோது, நஸ்ரின் அம்மாவோடு வீட்டில் அழுதுகொண்டிருந்தாள்.

இன்று அதே ஊரில் நான் அறிவியல் டீச்சர். போன வாரம் நியூட்டனின் மூன்றாம் விதி. டியூப் துண்டில் சாக்பீஸால் வரிசையாகக் கோடு போட்டு இரண்டு மாணவிகளிடம் கொடுத்தேன். ஒருத்தி இழுத்தாள், மற்றவள், "மிஸ், நான் சும்மாதானுங்க புடிச்சிருக்கேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

"கோட்டப் பாரு கண்ணு" என்றேன். இடைவெளிகள் எல்லாம் ஒன்றுபோல் விரிந்திருந்தன, சும்மா பிடித்தவள் கைப்பக்கமும்தான். எந்தக் கோட்டில் பார்த்தாலும் இந்தப் பக்க ரப்பர் அந்தப் பக்கத்தை இழுக்கிறது. அதே அளவுக்கு அது இதை இழுக்கிறது. ரப்பர் அசையாமல் நிற்கும்போது அந்த இழுப்பு இரண்டு கைகளிலும் ஒன்றுதான். பாடம் நடத்திக்கொண்டே வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

சாயங்காலம் பள்ளிபாளையத்தில் இருக்கும் நஸ்ரினுக்குப் போன் செய்து, "அன்னைக்கு நானும் உன்னளவுக்கு இழுத்திருக்கேன் புள்ள" என்றேன்.

அவள் சிரித்தாள். "எனக்கு அப்பவே தெரியும்க்கா. கை எரிஞ்சுது. விட்டா ஒங்க மூஞ்சில அடிக்குமேன்னுதான் விடல."

"அந்த மீன இப்ப வாங்கித் தாங்க" என்று அவளே தொடர்ந்தாள்.

அத்தாவின் மொபெட் எப்போதோ போய்விட்டது. லாரிகளுக்கே இப்போது டியூப் இல்லாத டயர்கள் வந்துவிட்டன. வரும் ஞாயிறு அத்தாவும் நாங்கள் இருவரும் ஜேடர்பாளையம் போகிறோம். கயிற்றை அறுத்தது யார் என்று அத்தாவிடம் இந்த முறை நான் சொல்லப்போகிறேன்.