சிவப்புத் துண்டு

கால்பந்துக்குக் காற்றடிக்கும்போதே பிளம்பர் திட்டத் தொடங்கிவிடுவார். முதலில் பம்பை, அப்புறம் பந்தை, அதற்குள் ஆட்கள் வந்துவிட்டால் அவர்களை. "ஏழு மணின்னா எட்டு மணிக்கு ஆடி அசைஞ்சு வர்றது. கல்யாணத்துக்கா வர்றீங்க?"

கழுத்தில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. கோல் காக்கும் பேக்கரிக்காரருக்குக் காது கேட்காது என்பதால் இந்தக் குழுவில் எல்லாமே துண்டு பாஷைதான். ஒரு வீச்சு என்றால் முன்னேறு. தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் ஆள் மாற்றம். துண்டோடு சேர்த்துத் தொண்டை கிழியக் கத்தவும் செய்வார். "அவருக்குக் கேக்கலைன்னா என்ன, எனக்கு ஆத்திரம் அடங்க வேணாமா?"

சாமான் அறைக் கதவில் அவர் கையாலேயே எழுதிய விதி இருக்கிறது: 'வந்தவர் எல்லோரும் ஆடலாம்.' முன்பு ஒரு பெரிய கிளப்பில் இவரைச் சேர்த்துக்கொண்டு, கூடப் போன மச்சினனுக்கு ஒரு கால் குட்டை என்பதைப் பார்த்து, "தம்பி வெளியில ஒக்காந்து பாக்கட்டும்" என்றார்களாம். கொடுத்த பனியனை அங்கேயே கழற்றி எறிந்துவிட்டு வந்து தொடங்கிய குழு இது. தையற்காரம்மாவோ, பேரன் எடுத்த தபால்காரரோ, யார் வந்தாலும் ஒவ்வோர் ஆட்டத்திலும் இறங்கியாக வேண்டும். இன்றுவரை ஜெயித்ததே இல்லை. "எந்த நேரத்துல எழுதினேனோ, என் கையை ஒடிக்கணும்!" என்று தலையில் அடித்துக்கொள்வார். கதவுக்கு மறுபடி பெயின்ட் அடித்தபோது மட்டும் அந்த எழுத்தைச் சுற்றித்தான் அடித்தார்.

மச்சினன் மீதுதான் எரிச்சல் அதிகம். அவனுடைய ஷூ நாடா நாலடி நடப்பதற்குள் அவிழ்ந்துவிடும். "நாடா கட்டத் தெரியல, தொரைக்கு நடு மைதானத்துல எடம்!"

போன ஞாயிறு எதிரே நின்றது அதே பெரிய கிளப். தையற்காரம்மா அடித்த ஒரே கோலில் இவர்கள் முன்னிலை. ஆட்டம் முடியப் போகிறது. இன்னும் இறங்காதவன் மச்சினன் ஒருவன்தான். அவனுக்கு வழிவிட வேண்டியது தையற்காரம்மா.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்கண்ணே!" என்று அந்த அம்மா மைதானத்திலிருந்தே கும்பிட்டார்.

மச்சினனும், "விடுங்க மாமா, ஜெயிச்சுட்டுப் போவோம். நான் ஒக்காந்து பாக்கறேன்" என்றான்.

அந்தக் கடைசி வார்த்தை பிளம்பரைச் சுட்டுவிட்டது. "வாயை மூடுடா, பெரிய தியாகி!" என்று பல்லைக் கடித்தபடி மண்ணில் மண்டியிட்டார். மச்சினனின் அவிழ்ந்து கிடந்த நாடாவை இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டார். பிறகு, குனிந்த தலை நிமிராமலே, துண்டைத் தூக்கிப் பிடித்தார்.