அடுப்புக்கும் ஜீப்புக்கும் ஒரே குழாய்

சைராகான் வீட்டில் எது காணாமல் போனாலும் திருடனைத் தேடி யாரும் வெளியே போவதில்லை. நேரே போய் அவள் புருஷன் ஒர்மோனின் ஜீப்பைத்தான் துழாவுவார்கள். துணி துவைக்கும் மெஷினின் ரப்பர் குழாய் அங்கே இருக்கும். ரொட்டி சுடும் இரும்புத் தட்டு எஞ்சினுக்கு அடியில், கல்லடி படாமல் காக்கும் கவசமாக இருக்கும். அவள் சீதனமாகக் கொண்டு வந்த பூப்போட்ட மெத்தை டிரைவர் சீட்டாகிப் பதினொரு வருடம் ஆகிறது.

ஒர்மோன் மாட்டு வைத்தியர். நாரின் மலைகளில் எந்தச் சரிவில் எந்தப் பசு கன்று போட முடியாமல் தவித்தாலும் அவர்தான் போயாக வேண்டும். அதற்கென்று கிடைத்தது ஒரு கிழட்டு ருஷ்ய ஜீப். கடையில் சாமான் வாங்கி வண்டியைத் தேற்றுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். "காசு குடுத்தா கழுதைகூடச் செய்யும்" என்பார்.

ஆற்றில் இறங்கினால் எஞ்சின் வயர்கள் நனைந்து வண்டி நின்றுவிடும். அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து, மாட்டுக்குள் கைவிட்டுப் பார்க்கும் ரப்பர் கையுறை. அதை வயர்கள் கிளம்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிமேல் கவிழ்த்து, விரல் நுனிகளை வெட்டி, விரலுக்கு ஒன்றாக வயர்களை வெளியே இழுத்துக் கட்டினார். வயரும் ஐந்து, விரலும் ஐந்து. அன்று முழுக்க அவர் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் எஞ்சின் தண்ணீருக்கு மேலே மூச்சுவிட உயரமாக ஒரு குழாயும் வேண்டுமே? கோடையில் மேய்ச்சலுக்கு ஏறிப் போய்க் கம்பளிக் கூடாரம் அடித்ததும், உள்ளே தகர அடுப்பின் புகைக்குழாய் அவர் கண்ணை உறுத்தியது. அளந்து செய்தாற்போல் ஜீப்புக்குப் பொருந்தியது. அன்று பிடித்தது சனி. அடுப்பு எரிந்தால் ஜீப் ஆற்றில் இறங்க முடியாது. ஜீப் ஆற்றில் இறங்கினால் வீட்டில் டீ கிடையாது. அக்கம்பக்கத்துக் கூடாரங்களின் குழாய்களோ ஒன்றும் அளவு சேரவில்லை.

"சந்தைக்குப் போறியே, இன்னொரு குழாய் வாங்கிட்டு வாயேன்" என்று இரண்டு கோடையாகக் கெஞ்சிவிட்டார்.

"அந்த அளவு வரலையாம்யா" என்று ஒவ்வொரு தடவையும் சைராகான் கையை விரித்தாள்.

அக்கரையில் எப்போதும் நோயாளி மாடு இருந்ததா என்று கேட்காதீர்கள். பாதி நாள் மாடு. மீதி நாள் லேசாகப் போதை ஏற்றும் புளித்த குதிரைப்பாலும் சீட்டுக்கட்டும்.

இப்படியிருக்க, மகள் சல்கினுக்குக் கம்மல் போட மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொன்னார்கள். மாமியார் தன் கையால் கம்மல் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது, இனி யாரும் பின்வாங்க முடியாது. சல்கின் விடிந்ததிலிருந்து காதைத் தடவியபடி இருந்தாள். ஆடு அறுத்தாயிற்று. அடுப்பின் மேல் பெரிய கொப்பரையில் கறி கொதித்தது.

காலையில் வந்திருந்தால் தொல்லையில்லை. பட்டணத்து மனிதர்கள், மத்தியானத்துக்கு மேல் வந்தார்கள். வெயிலில் பனி உருகி ஆறு வயிறு புடைத்துக்கொள்ளும் நேரம் அது. சம்பந்தி சாதிபேக்கின் பளபளக்கும் புது வண்டி நட்டாற்றில் ஒரு தும்மல் போட்டு நின்றுவிட்டது. கரைசேர்க்கக் குதிரையோடு போனவர்களிடம் அவர் வண்டிக் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வண்டியை விட்டுட்டு நான் வரமாட்டேன்!" என்று கத்தினார். அவர் வராமல் உள்ளே இருந்த அவர் மனைவி கெரிம்புபு அம்மாளும் வரமாட்டாள். கம்மல் அவள் மடியில் இருந்தது.

ஒர்மோன் கூடாரத்துக்குள் பாய்ந்து குழாயில் கைவைத்தார். சுரீரென்று சுட்டது.

"தொட்டே, கையை முறிச்சிருவேன்!" என்றாள் சைராகான். "கறி இன்னும் வேகல. வர்ற சம்பந்திக்குப் பச்சைக் கறியும் புகையுமா வைக்கச் சொல்றே?"

"சம்பந்தி வந்தாத்தானேடி திம்பான்! ஆத்தோட போயிட்டா?"

"அப்பா..." என்றாள் சல்கின். ஒர்மோன் குழாயையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார். ஊர்ப் பசுவையெல்லாம் காப்பாற்றிவிட்டு, சொந்த மகளின் நல்ல நாளைத் தகரக் குழாய்க்குத் தோற்பதா?

சைராகான் மகளைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். பெட்டிமேல் அடுக்கியிருந்த மெத்தைகளைத் தள்ளி, பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து சால்வையில் சுற்றிய எதையோ உருவினாள்.

பளபளவென்று புத்தம் புதுக் குழாய். அதே அளவு.

ஒர்மோனின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. "இது... எப்ப வாங்கினே?"

"முந்தின கோடையில. இப்ப ஆத்துக்குப் போறியா, கணக்கு கேக்கிறியா?"

போனார். குழாயைச் சொருகி, சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டி, தண்ணீர் எஞ்சினில் அறையாதபடி ஜீப்பின் முகத்துக்கு மாட்டுத்தோலைக் கட்டி ஆற்றில் இறங்கினார். தண்ணீர் எஞ்சின் மூடிவரை ஏறியது. கையுறையின் ஐந்து விரலும் வாக்குத் தவறவில்லை. சம்பந்தி, சம்பந்தியம்மா, புது வண்டி, கம்மல் எல்லாம் ஒரே கயிற்றில் கரை சேர்ந்தன.

கறி பஞ்சாக வெந்திருந்தது. சல்கினின் காதில் கம்மல் ஏறியது. ஒர்மோனுக்குக் கண் கலங்கியது, புகை என்று சொல்ல முடியவில்லை, அடுப்பில்தான் குழாய் இருக்கிறதே.

சாதிபேக்குக்கோ கறியில் மனம் ஓடவில்லை. "சம்பந்தி, சம்பந்திக்குப் போர்த்துற மரியாதைக் கோட்டெல்லாம் எனக்கு வேணாம். என் வண்டிக்கும் இப்படி ஒரு குழாய் வச்சுக் குடுங்க!"

"அதுக்கென்ன, பேஷா!" என்றார் ஒர்மோன், பூரித்துப்போய்.

சைராகான் டீக் கிண்ணத்தை நீட்டும் சாக்கில் கெரிம்புபுவின் காதருகே குனிந்தாள். "வைக்கட்டும் சம்பந்தியம்மா. ஆனா உங்க அடுப்புக் குழாயையே வைக்கச் சொல்லுங்க. இன்னொண்ணை மட்டும் கண்ணுல காட்டிராதீங்க. அடுப்பு மூட்டக் குழாயைத் திருப்பிக் கொண்டாந்தாகணுமேன்னு, ரெண்டு கோடையா என் வீட்டுக்காரரு தினமும் ராச்சோறு வீட்டுலதான் தின்னாரு."