வெள்ளைக் கோட்டுக்குள் அரசாங்கம்

அரசாங்க ஜீப் ஓட்டுகிறவனுக்குக் கண் முன்னாலும் காது பின்னாலும் இருக்க வேண்டும். வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டுமென்று மட்டும் வேலைக்குச் சேரும்போது யாரும் சொல்வதில்லை. மேலதிகாரிக்குக் கதவு திறந்துவிட்டே தலை நரைத்தவர்களுக்கு என் அவஸ்தை புரியும். இந்தத் தொண்ணூறுகளில் மைசூரில், ஆதரவற்ற பெண்களுக்கான அரசு விடுதிகளை ஆய்வு செய்யும் அதிகாரிக்கு நான் டிரைவர்.

கம்பளிகளின் வருகை

ஆய்வுக்கு முந்தின நாள் கிடங்கிலிருந்து புதுக் கம்பளிகளை ஏற்றிப் போய் விடுதியில் இறக்குவேன். மறுநாள் அதிகாரி கட்டில்களைப் பார்த்துத் தலையாட்டுவார். அவரை வீட்டில் விட்டுவிட்டு வந்து கம்பளிகளைத் திரும்ப ஏற்றுவேன். அடுத்த விடுதிக்கும் அவைதான்.

ஊருக்கு வெளியே இருந்த ஒரு விடுதியில் அவற்றை மடித்துக் கொடுக்கிறவள் அங்கேயே தங்கியிருக்கும் மாதம்மா. தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளிக்காரி. எனக்குத் தமிழ் தெரியும் என்றானதிலிருந்து என்னைக் கண்டால் அவள் வாய் ஓயாது. அன்றைக்குக் கடைசிக் கம்பளியை நீட்டியபடி கேட்டாள்: “ஏனுங்கண்ணா, இதுக எங்களப் பாக்க வருதுகளா, உங்க தொரையப் பாக்க வருதுகளா?”

சொல்லிப் பார்த்தேன்

பின்கட்டுக்கு என்னைக் கூட்டிப்போனதும் அவள்தான். எழுந்து நடக்க முடியாத கிழவிகள் படுத்திருக்கும் அறை. சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்து, அவர்கள் தலைமாட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. “பாருங்கண்ணா, கை நுழையுது. மழைக்கு முன்னால யாராச்சும் பாக்கோணும்” என்றாள்.

ஸ்ரீரங்கப்பட்டணம் சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது அதிகாரியிடம் சொன்னேன். நல்ல மனிதர்தான். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும். கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார்: “எனக்குக் காட்டுகிற இடத்தைத்தானப்பா நான் பார்க்க முடியும்?”

கோடு போன இடம்

ஆய்வு நாளில் வாசலிலிருந்து முன்கூடம் வரை, நடைபாதையின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு போடுவார்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் அதற்குள்தான் நடப்பார்கள். தாண்டிப் பார்க்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றி நான் கண்டதில்லை. அடுத்த ஆய்வின்போது பவுடர் சட்டி மாதம்மா கையில் இருந்தது. கோடு முன்கூடத்தோடு நிற்கவில்லை. சமையற்கட்டைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போயிற்று. விடுதி சூப்பிரண்டெண்ட் அம்மா கவனிப்பதற்குள், அதிகாரி பேசிக்கொண்டே கோடு பிசகாமல் நடந்து, பிளந்த சுவருக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

அவர் முதலில் கேட்ட கேள்வி, “இந்தக் கோட்டைப் போட்டது யார்?” சூப்பிரண்டெண்ட் அம்மாவுக்கு முகம் வெளுத்தது. மாதம்மா முன்னால் வந்து தமிழில் பதில் சொன்னாள். அதிகாரி என்ன என்பதுபோல என்னைப் பார்த்தார். கொஞ்சம் மழுப்பிச் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு அவள் சொன்னதை ஒரு சொல் குறையாமல் கன்னடத்தில் சொன்னேன். அவள் சொன்னது இதுதான்: “கோடு போட்டது நானுங்க சாமி. செவுரு கட்டுனது ஆருங்க?”

யாரை விசாரிப்பது

அதிகாரி அன்றைக்கே கிழவிகளை முன்கூடத்துக்கு மாற்றச் சொன்னார். கட்டில் தூக்க நானும் கைகொடுத்தேன். அதே வாரம் மழை கொட்டியது. சுவர் காலி அறைக்குள் விழுந்தது. கட்டியது யார், கட்டியது சரி என்று ஒப்புக்கொண்டது யார் என்று இனியாவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். போகும்போதெல்லாம் மாதம்மா, “கேட்டாங்களாண்ணா?” என்பாள். கோடு எப்படிப் பின்கட்டுக்குப் போயிற்று என்று விளக்கம் கேட்டு சூப்பிரண்டெண்ட் அம்மாவுக்கு ஒரு மெமோ வந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

மாதம்மாவுக்குச் சொல்ல ஒரு பதிலாவது வேண்டுமே என்று, ஒரு டிரைவர் கேட்கக்கூடாததை எங்கள் ஆபீஸ் மேலாளரிடம் கேட்டுவிட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார்: “யாரும் சாகலையேப்பா, அப்புறம் யாரை விசாரிக்கச் சொல்றே?”

ஆக, அரசாங்கம் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டுமானால் அந்தச் சுவர் ஒரு வாரம் முன்னாலேயே விழுந்திருக்க வேண்டும் என்று புரிந்துகொண்டுதான் நான் ரிடையராகப் போகிறேன்.